பின்சீட்டு மூட்டை

கிழக்கு வெளுக்கிற நேரத்தில் தார்ப்பாய்க்காரி தன் புருஷனுக்குப் பதிலாக ஒரு மணல் மூட்டையைச் சைக்கிளின் பின்சீட்டில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பத்தடி தள்ளிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கயிறு இறுகுகிற சத்தம் அவர் காதில் விழாமல் இருக்காது. விழாத மாதிரி இருந்தார். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிச் சில நாளாகியிருந்தது.

லாரிகளுக்கும் கடைகளுக்கும் தார்ப்பாய் தைத்துக் கொடுப்பதால் தெருவில் அவளுக்கு அந்தப் பெயர். அவர் வெல்டர். வீட்டு முன்பக்கக் கொட்டகையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பக்கம் அவர் பொறி பறக்க இரும்பை ஒட்டுவார், மறு பக்கம் அவள் கடகடவென்று மெஷின் ஓட்டுவாள். பக்கத்து வீட்டுக் குழந்தை இந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிவிட்டது. கொட்டகைக்கு லீவு விட்டால்தான் அது அழும் என்று தெருவில் சொல்வார்கள்.

வெல்டர் பக்கத்துச் சத்தம் நின்றுபோய் வருஷத்துக்கு மேலாகிறது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, நேர் எதிரே ஒரு சின்னச் சதுரம்தான் மிஞ்சியது. வெல்டிங் முகமூடிக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, கழற்றத்தான் முடியவில்லை என்று டாக்டரிடமே சொன்னார். டாக்டர் சிரித்தார். கூடப் போயிருந்த தார்ப்பாய்க்காரிக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணமான புதிதில், பழைய சைக்கிள் இரண்டை அறுத்து ஒட்டி வெல்டர் செய்த ரெட்டை வண்டி அது. இரண்டு சீட்டு, இரண்டு ஜோடிப் பெடல், எல்லாவற்றையும் சேர்த்து ஓடுகிற செயின். ஒருவர் கால் சுற்றினால் மற்றவர் காலும் சுற்றியே தீர வேண்டும். ஹேண்டிலும் பிரேக்கும் முன்னால் இருக்கிறவருக்கு. பின்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு குட்டைக் கம்பி, அவ்வளவுதான். ஆனால் பின்சீட்டுக்காரருக்கு வேறு வேலை உண்டு. திருப்பம் வந்தால் கை காட்டுவது அவர் பொறுப்பு. முன்னால் இருப்பவர் அந்த நீளமான வண்டியில் ஒரு கையை எடுத்தால் வண்டி பாம்பாக நெளியும். அதனால் வெல்டர் "இடது" என்பார், அவள் இடது கையை நீட்டுவாள். "வலது" என்பார், வலது கை. இத்தனை வருஷத்தில் அந்தக் கைகள் அவர் சொல்லுக்குத் தாமாகவே எழுந்து பழகிவிட்டன.

லீவு கிடைத்தால் இரண்டு பேரும் கடற்கரை ரோட்டைப் பிடித்துக் கலங்கரை விளக்கம் இருக்கிற ஊர்வரை போவார்கள். காலையில் கிளம்பினால் சாயங்காலம் போய்ச் சேரலாம். மகளை அந்த ஊரிலேயே கட்டிக் கொடுத்ததும் போகிறதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை என்று ஆனது. மகளைப் பார்க்கப் போகிறோம் என்று பெயர், ஆசையெல்லாம் வண்டி விடுவதில். வழி முழுக்க வெல்டர் திரும்பாமலே கேட்டுக்கொண்டு வருவார்: "மிதிக்கிறியா?"

"மிதிக்கிறேன்."

"மிதிக்கிற மாதிரி தெரியலையே."

பதிலுக்கு அவள் அவர் முதுகில் ஒரு குத்து வைப்பாள்.

கடைசியாகப் போனபோது, ரோட்டோரம் நின்ற தள்ளுவண்டி ஒன்று வெல்டரின் சதுரத்துக்குள் வரவில்லை. வாழைப்பழமெல்லாம் ரோட்டில். அவளுக்கு முழங்கால் சிராய்ப்பு. பழக்காரர் நல்ல மனுஷன், திட்டாமல் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தார். வெல்டர் அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தவர்தான். அவளே தைத்த தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார். அப்புறம் கொட்டகையின் தன் பாதிக்குப் போவதை விட்டார். அப்புறம் வாசல் கேட்டைத் தாண்டுவதையும் விட்டார். நாற்காலி, ரேடியோ, டீ. முடி வெட்டுகிறவரைக்கூட வீட்டுக்கே வரச் சொன்னார். அந்தச் சதுரம் இனி பெரிதாகாது என்பதை அவள் ஏற்றுக்கொண்டாள். மனுஷனும் அந்தச் சதுரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. இப்படியே விட்டால் இந்த நாற்காலியை விட்டு இவர் எழுந்திருக்கவே மாட்டார் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அதனால்தான் ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நான் முன்னாடி உக்காந்து ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காருங்க. மகளைப் பாத்துட்டு வருவோம்."

வெல்டர் யோசிக்காமல் சொன்னார்: "பின்னாடி மூட்டை மாதிரி உக்காந்துக்கிட்டு வர என்னால ஆகாது."

நுணலும் தன் வாயால் கெடும். வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அது யார் தலையில் விழுந்தது என்று அவருக்குத் தெரிந்தது.

"அப்ப நான் இத்தனை வருஷமா மூட்டையாத்தான் வந்தேனா?"

அங்கேயே மன்னிப்புக் கேட்டிருந்தால் கதையே இல்லை. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ரகம் அவர். அப்படிச் சொல்லவில்லை என்று ஆரம்பித்து, ஆனாலும் முன்னால் இருக்கிறவன்தானே இழுக்கிறான், மாமியார் மேட்டில் தான் இழுக்காவிட்டால் வண்டி ஏறியிருக்குமா என்று போய் முடித்தார். மாமியார் மேடு என்பது அந்த வழியில் வருகிற ஒரே ஏற்றத்துக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர். எவ்வளவு செய்தாலும் அதற்குத் திருப்தி வராது, ஒரு வளைவு முடிந்தால் இன்னொன்றைக் காட்டும். பாதிப் பேர் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். வெல்டர் ஒருநாளும் இறங்கியதில்லை. அதைச் சொல்லாமல் அவருக்கு ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடுகூட இறங்கியதில்லை.

"பின்னாடி ஒரு ஆளை வச்சுக்கிட்டு அந்த மேட்டை இறங்காம ஏறிக் காட்டு. அப்புறம் நீ எங்க உக்காரச் சொல்றியோ அங்க உக்கார்றேன்."

"ஆள் எதுக்கு? உங்க கணக்குப்படி மூட்டைதானே. மூட்டையையே வச்சுக்கறேன்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவள் கை சும்மா இருக்கிற கை இல்லை. மிஞ்சிய தார்ப்பாயில் இரண்டு கால் வைத்து மூட்டை தைத்தாள், சீட்டில் கால் போட்டு உட்காருகிற மாதிரி. ஏமாற்றினாள் என்று பேச்சு வந்துவிடக் கூடாது என்று மணலைக் குத்திக் குத்தி நிரப்பினாள். அப்படியும் அது வெல்டரின் எடையில் பாதிதான் வந்தது. தலையில்லாத குண்டு மனுஷன் போல இருந்தது.

கடைசியாக முன்சீட்டைத் தன் உயரத்துக்கு இறக்க வேண்டியிருந்தது. வண்டி செய்த நாளிலிருந்து அது வெல்டரின் உயரத்திலேயே இருந்த சீட்டு. நட்டில் ஸ்பானரைப் போட்டுத் திருப்பினாள், வழுக்கியது. மறுபடி போட்டாள், மறுபடி வழுக்கியது.

"அது பதினஞ்சு. பதினாலை எடு" என்றார் வெல்டர், டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே.

பதினாலு சரியாகப் பிடித்தது. அன்று காலை அவர் பேசியது அது ஒன்றுதான். ரொட்டி, அவித்த முட்டை, தண்ணீர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அவள் கேட்டைத் திறந்தாள். வருகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லாமல் மிதித்தாள்.

முதல் திருப்பத்திலேயே வம்பு. தெருமுனையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். இடது என்று மனசில் நினைத்ததும் பழக்க தோஷத்தில் இடது கை ஹேண்டிலை விட்டு எழுந்து நீண்டுவிட்டது. வண்டி ஒரு நெளி நெளிந்து, வீடு கட்ட யாரோ கொட்டி வைத்திருந்த மணலில் போய்ச் செருகியது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மீசை இல்லை. ஒட்டியதெல்லாம் முழங்கையில். சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த கொத்தனார் ஓடிவந்து முதலில் மூட்டையைத்தான் தூக்கப் போனார். துணி போர்த்திய ஆள் என்று நினைத்துவிட்டார்.

"அவருக்கு ஒண்ணும் ஆகலண்ணே. என்னைத் தூக்குங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் கையை அதட்டி அதட்டி வைத்துக்கொண்டாள். பின்னால் வருகிறவர்களுக்கு இவள் எந்தப் பக்கம் போவாள் என்று தெரியவில்லை. ஒரு வேன்காரர் கிட்டத்தில் வந்து பிரேக் போட்டு, வயசான காலத்தில் இதெல்லாம் தேவையா என்று கேட்டுவிட்டுப் போனார். தேவைதான் என்று அவர் போன பிறகு சொன்னாள்.

ஊர் முடிந்து கடற்கரை ரோடு வந்ததும் காற்று மாறியது. உப்பும் பாசியும் கலந்த வாடை. வெயில் இன்னும் ஏறவில்லை. ரோட்டின் வலப்பக்கம் கடல் கூடவே வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கொஞ்ச தூரம் போன பிறகுதான், இன்னும் தான் கடலையே பார்க்கவில்லை என்பது உறைத்தது. ரோட்டில் பள்ளம், பள்ளத்துக்குப் பக்கத்தில் ஜல்லி, ஜல்லியைத் தாண்டினால் படுத்திருக்கிற நாய். கண்ணை எடுக்க முடியவில்லை. ஒருதரம் எடுத்துப் பார்த்தாள், முன்சக்கரம் உடனே மண்ணில் இறங்கியது.

வெல்டர் ஏன் வழியெல்லாம் "கடல் எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வருவார் என்பது இப்போது புரிந்தது. அவள் அதைச் சும்மா பேச்சுக்கு என்று நினைத்திருந்தாள். இன்னிக்குப் பச்சையா இருக்கு, நாலு படகு போகுது, ஒண்ணுல சிவப்புப் பாய் என்று சொல்லிக்கொண்டு வருவாள். பாவம், மனுஷன் இத்தனை வருஷமும் தாரையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். கடலெல்லாம் இவளுக்கு. கோபத்துக்கு நடுவில் இந்த நினைப்பு வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. கோபத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடம் இன்னும் தூரத்தில் இருந்தது.

மீன் காயப் போடுகிற களத்துப் பக்கம் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். வலை விரித்து அதன்மேல் பெண்கள் மீனைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நீளக் குச்சியோடு காக்கைகளிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில்தான் முதலில் மூட்டை பட்டது.

"யாருக்கா அது பின்னாடி, தலையில்லாம?"

"எங்க வீட்டுக்காரரு."

"நல்ல மனுஷனா இருக்காரே. வாயே இல்ல."

களம் முழுக்கச் சிரித்தது. தார்ப்பாய்க்காரியும் சிரித்துத் தீர்த்தாள். சிரித்து முடித்ததும், அவள் யாரோடு பேசினாலும் நடுவில் நுழைந்து ஒரு வார்த்தை சொல்கிற குரல் இன்று நுழையவில்லை என்பது தெரிந்தது. மூட்டையின் கயிறு தளர்ந்திருந்தது. இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கழிமுகத்தில் பாலம் கிடையாது. பஸ்ஸெல்லாம் உள்ளே சுற்றிப் போய் மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் இந்த ரோட்டில் சேரும். சைக்கிள்காரர்களுக்குப் படகு. படகுக்காரர் இவர்களை நன்றாக அறிந்தவர். வெல்டர் எங்கே என்று கேட்டார். கண்ணைப் பற்றிச் சொன்னாள். அவர் துடுப்பை நிறுத்தி, கொஞ்ச நேரம் படகைத் தண்ணீர் போகிற போக்கில் விட்டார். பிறகு இந்த மூட்டை எதற்கு என்று கேட்டார். பந்தயத்தைச் சொன்னாள். படகுக்காரர் மூட்டையைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"செத்த எடைம்மா இது. படகுலயே பாருங்க, ஆள் உக்காந்தா படகு சாயறப்ப கூடவே சாஞ்சு குடுப்பான். மூட்டை குடுக்காது. அது பாட்டுக்கு ஒரு பக்கமா அழுத்தும்."

"ஏறுமா ஏறாதா, அதைச் சொல்லுங்க."

"தண்ணியைப் பத்திக் கேளுங்க சொல்றேன். மேட்டைப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

அக்கரையில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எதிர்க்காற்று வேறு. பஸ் ரோடு வந்து சேருகிற இடத்து மர நிழலில் ரொட்டியும் முட்டையும் தின்றாள். மாமியார் மேடு எதிரே தெரிந்தது. பாறையைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி, வளைவில் மறைந்து, இன்னும் உயரத்தில் மறுபடி தலை காட்டியது. செருப்பு வாரை இறுக்கிக்கொண்டாள். இறங்கக் கூடாது, அவ்வளவுதான். எவ்வளவு மெதுவாகப் போனாலும் கால் தரையில் படக் கூடாது.

முதல் வளைவு ஏறிவிட்டாள். மூச்சு நெஞ்சுக்குள் முட்டியது, ஆனாலும் ஏறிவிட்டாள். வெல்டர் இழுத்தாராம், இதோ நானும்தான் இழுக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இரண்டாவது வளைவில் மூட்டை சீட்டிலிருந்து ஒரு பக்கமாக நழுவி அழுத்தியது. வண்டியை நிமிர்த்தவே பாதிப் பலம் போனது. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்க முடியாது.

மூன்றாவது வளைவுதான் ஆளைக் கொல்வது. அங்கே வந்ததும் வெல்டர் மூச்சை இழுத்து "இப்ப" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு பேரும் சீட்டை விட்டு எழுந்து மொத்த எடையையும் பெடலில் இறக்குவார்கள். வண்டி ஒரு முனகு முனகி ஏறிவிடும். அந்த இடம் வந்ததும் அவளும் தன்னையறியாமல் சொன்னாள்.

"இப்ப."

அவள் எழுந்தாள். மூட்டை எழவில்லை. பெடல் பாதி சுற்றில் நின்றது. பின்சக்கரம் பின்னால் இழுத்தது. வண்டி சாய்வதற்குள் அவள் இடது கால் தரைக்குப் போய்விட்டது.

அப்படியே நின்றாள். ரோட்டில் யாரும் இல்லை. ஓர் ஆடு மட்டும் பாறைமேல் நின்று தழையை மென்றுகொண்டே இவளைப் பார்த்தது. இறங்கவே இல்லை என்று வீட்டில் போய்ச் சொன்னால் மறுத்துச் சொல்ல ஆள் கிடையாது. பார்த்தது ஆடுதான், அது சாட்சி சொல்ல வராது. ஒரு பொய் சொன்னால் அவர் பின்சீட்டில் உட்கார வேண்டும், நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். இத்தனை நாள் அவள் கேட்டது அதைத்தானே. வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடு ஏறி முடிக்கும்வரை அந்தப் பொய்யும் கூடவே ஏறியது.

உச்சியில் காற்று குளுகுளுவென்று அடித்தது. வண்டியைப் பாறையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். இங்கே வந்து உட்கார்ந்ததும் வெல்டர் சட்டையைக் கழற்றிப் பிழிந்து காயப் போடுவார், நான் யாருன்னு பாத்தியா என்பார். அவளும் ஆமாம் ஆமாம் என்பாள். அவள் ரவிக்கையும் அதே அளவுக்கு நனைந்திருக்கும். அதை அவரும் பார்த்ததில்லை. அவளும் காட்டியதில்லை.

போனை எடுத்தாள். வீட்டில் மணி அடித்து முடிகிற நேரத்துக்கு வெல்டர் எடுத்தார்.

"எங்க இருக்க?"

"மேட்டு மேல."

கொஞ்ச நேரம் ரேடியோ சத்தம் மட்டும் கேட்டது. அவர் அதை நிறுத்தினார்.

"ஏறிட்டியா?"

"இல்லீங்க. இறங்கித் தள்ளிட்டுத்தான் வந்தேன். மூணாவது வளைவுல." செருப்பு வாரைத் தளர்த்திவிட்டாள். "உங்களை மாதிரி 'இப்ப'ன்னு சொன்னேன். மூட்டை எந்திரிக்கல."

ஜெயித்தவர் பேசுகிற மாதிரி எதையாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள்.

"எந்த இடத்துல நின்னுச்சு?" என்று கேட்டார்.

"அந்த வெள்ளைப் பாறைக்குப் பக்கத்துல."

"ம். வளைவுக்கு நடுவுலயே நின்னுடுச்சா."

"ஆமா. நீங்க எழுந்திருக்கிற இடம்."

"நாம எழுந்திருக்கிற இடம்" என்றார் வெல்டர்.

அப்புறம் அவர் வேறு எதையோ சொல்ல வந்து, மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போ, இறக்கத்தில் அது தள்ளும், பிரேக் தாங்காது என்று மட்டும் சொன்னார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

தோற்றது தோற்றதுதான். மூட்டையின் தையலைப் பிரித்து, ரோட்டோரப் பள்ளம் ஒன்றில் மணலைக் கொட்டினாள். தலையில்லாத மனுஷன் காலிரண்டும் தொங்க வெறும் துணியானார். மடித்துப் பைக்குள் வைத்தாள். நல்ல தார்ப்பாய், எதற்காவது ஆகும்.

இறக்கத்தில் வண்டி பறந்தது. ஆனால் மூட்டை போன பிறகு சுகமாக இல்லை. காலிச் சீட்டு ஒவ்வொரு குழிக்கும் லொட லொடவென்று துள்ளியது. பாரம் இருந்தபோது அது கனத்தைத்தான் சொன்னது, இப்போது ஆள் இல்லை என்பதைச் சொல்லிக்கொண்டே வந்தது. அந்தச் சீட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மிதித்தபோது அவளுக்கு அழுகை வந்தது. ரோட்டில்தானே, காற்றில் காய்ந்துவிடும் என்று அழுதாள். நாளைக்கு இதே வழியில் தனியாகத் திரும்ப வேண்டும். அப்புறம் வண்டிக்கு மறுபடி தார்ப்பாய், அவருக்கு நாற்காலி.

வழியில் ஒரு கடையில் வறுத்த மீனும் டீயும் சாப்பிட்டாள். கடைக்காரி இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டு, இன்னொருத்தர் வரணுமா, தட்டு வைக்கட்டுமா என்று கேட்டாள். இல்லை, இவ்வளவுதான் என்றாள் தார்ப்பாய்க்காரி. முதுகும் உள்ளங்கையும் வலித்தன. உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க மனசில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். மகள் போன் செய்து, எங்கே இருக்கிறாய், உங்கள் இரண்டு பேருக்கும் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது என்றாள். இரண்டு பேரும் என்று ஏன் சொல்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனது. புழுதியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெயில் மஞ்சளாகிச் சாய்ந்த நேரத்தில் கலங்கரை விளக்கம் தெரிந்தது. ஊர் எல்லையில் பஸ் ஸ்டாப். அதன் சிமென்ட் பெஞ்சில் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, ரோட்டை நேராகப் பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்த விதம் வெல்டரைப் போல இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே மிதித்தாள். கிட்டத்தில் போன பிறகுதான் பிரேக் பிடிக்கத் தோன்றியது.

"செயின் சத்தம் கேட்டுச்சு" என்றார் வெல்டர். "எண்ணெய் பத்தாது."

யார் கூட வந்தது என்று கேட்டாள். யாரும் இல்லை, முக்குக் கடைக்காரர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார், கண்டக்டர் இறக்கிவிட்டார் என்றார். மகள் கூட்டிப்போக வந்தாளாம், நீ போ, உங்கம்மா வந்ததும் வருகிறோம் என்று அனுப்பிவிட்டாராம். கேட்டைத் தாண்டாத மனுஷன் ஒரு ஊரைத் தாண்டி வந்து உட்கார்ந்திருந்தார்.

"மாமியார் மேட்டுல பஸ்ஸே முக்கி முக்கித்தான் ஏறுச்சு" என்றார். "மூணாவது வளைவுல டிரைவர் முதல் கியர் போட்டான். எனக்கு வெக்கமா போச்சு. இதையா நான் ஒத்தையா இழுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்?"

அவள் வண்டியை விட்டு இறங்கினாள்.

"நான் சொன்னது தப்பு" என்றார். "மூட்டைன்னது."

"தப்புதான்" என்றாள். கோபத்தைக் கொண்டுவந்து சேர்த்தாகிவிட்டது. இறக்கி வைத்ததும் கை லேசாக இருந்தது.

வெல்டர் எழுந்து வண்டியின் பக்கம் வந்தார். ஹேண்டிலிலிருந்து தடவிக்கொண்டே பின்னால் போனார். தான் போட்ட ஒட்டுகளை விரல் ஒவ்வொன்றாகத் தாண்டியது. இறக்கிய முன்சீட்டில் கை ஒரு நொடி நின்றது. பின்சீட்டுக்கு வந்ததும் அதன் உயரத்தைத் தன் இடுப்போடு அளந்து பார்த்தார்.

"எனக்கு முட்டி இடிக்கும். நாலு விரக்கடை ஏத்தணும்."

சட்டைப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தார். பதினாலு. வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். குனிந்து, சதுரத்துக்குள் நட்டைக் கொண்டுவரத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். அவள் கை கொடுக்கப் போகவில்லை. கண் பிடிக்காததை விரல் பிடித்தது. அவளுக்கென்று செய்த நாளிலிருந்து அசையாமல் இருந்த சீட்டு, கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மேலே ஏறியது.

"மேட்டை நான் ஏறலையே" என்றாள். "பந்தயத்துல தோத்துட்டேனே."

"திரும்பிப் போறப்பவும் அந்த மேடு அங்கதானே இருக்கும்? 'இப்ப'ன்னு நீ சொல்லு. எந்திரிக்கிறேனா இல்லையா பாரு."

அவள் ஹேண்டிலைப் பிடித்து வண்டியை நிறுத்திக்கொள்ள, அவர் காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். குட்டைக் கம்பியை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தேடினார். அவளே அவர் கையை எடுத்து அதில் வைத்தாள். மிதித்தார்கள். வண்டி முதலில் தள்ளாடி, பிறகு நேரானது.

"பள்ளம்" என்றாள். "வலப்பக்கம் ஒதுங்கறேன்."

"சரி."

"மிதிக்கிறீங்களா?"

"மிதிக்கிறேன்."

"மிதிக்கிற மாதிரி தெரியலையே."

அவள் முதுகில் ஒரு குத்து விழுந்தது. வலிக்காத குத்து.

கடலோரமாகக் கொஞ்ச தூரம் போனார்கள். கடல் எப்படி இருக்கிறது என்று அவள் திரும்பாமலே கேட்டாள். பின்னால் அவர் தலையைத் திருப்பிச் சதுரத்தைத் தண்ணீர்மேல் வைத்துப் பார்க்கிறார் என்பது வண்டியின் அசைவில் தெரிந்தது. இத்தனை வருஷமாக வந்த வழியில் முதல் தடவையாகப் பார்க்கிறவர் அவசரப்படவில்லை.

"ஒரு படகு வருது" என்றார். "இரு, போயிடுச்சு. ஆ, இருக்கு. என்ன கலர்னு கேக்காதே."

மகள் வீட்டுத் தெரு இடப்பக்கம் வந்தது. பின்னால் ஒரு லாரி உறுமிக்கொண்டு வருவது கேட்டது. அவள் கை எழப் பார்த்தது. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இடது" என்றாள்.

அவர் கை நீட்டினாரா என்று திரும்பிப் பார்க்க முடியாது. லாரியின் சத்தம் மெல்லத் தணிந்தது, அது பின்னாலேயே நின்று வழி விட்டது. அவள் வண்டியைத் தெருவுக்குள் திருப்பினாள்.